கரடி வைத்த மண்கட்டி

ஒரு காட்டில் ஏரி ஒன்று இருந்தது, குழந்தைகளே. அதன் கரை ஓரிடத்தில் உடைந்து, வாய் பிளந்து கிடந்தது. மலைமேலோ கருமேகம் திரண்டுவிட்டது! கரைக்குக் கீழே ஒரு வளையில் செவ்வாலி என்னும் கீரியின் மூன்று குட்டிகள் கிடந்தன. பாவம், அவை இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

உடைப்பை அடைக்க எல்லா விலங்குகளும் களிமண்ணைக் கட்டி கட்டியாகப் பிடித்தன. கரடி பிடித்தது பூசணிக்காய் அளவு. முயல் பிடித்தது எலுமிச்சங்காய் அளவு. குரங்கு பிடித்ததிலோ ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

"பார்த்தீர்களா குவியலை! இன்னும் பிடியுங்கள், இன்னும்!" என்று மார்தட்டியது கரடி. அதற்கு உடம்பைவிட வாய் பெரிது.

அடுக்கும் வேலை செவ்வாலிக்கு. ஒரு கட்டியை வைத்தால் பக்கத்தில் சந்து விழுந்தது. பொருத்தமான கட்டியைத் தேடுவதிலேயே பொழுது போயிற்று. குவியல் வளர்ந்தது, சுவர் வளரவில்லை. பாரம் தாங்காமல் அடிக்கட்டிகள் நசுங்கிச் சேறாயின.

"நிறுத்துங்கள்!" என்று கத்தியது செவ்வாலி.

"வெள்ளம் வரும் நேரத்தில் வேலையை நிறுத்துவதா? உனக்கென்ன கிறுக்கா?" என்று சீறியது கரடி.

"குவியலா தண்ணீரைத் தடுக்கும், அண்ணா? சுவர்தானே தடுக்கும்?"

செவ்வாலி குரங்கை அழைத்து, ஒரே நீளத்தில் மூங்கில் துண்டுகளை ஒடிக்கச் சொன்னது. அவற்றைச் சதுரமாக வைத்துக் கொடியால் கட்டி, ஒரே அளவில் அச்சுகள் செய்தது.

"எல்லாரும் இதில் மண்ணை அடைத்துத் தட்டுங்கள். நான் கேட்கும்போது கொடுத்தால் போதும். முன்கூட்டிக் குவிக்காதீர்கள்" என்றது.

சுவர் மளமளவென்று எழுந்தது. கடைசி வரிசையும் வந்தது. கரடிக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. யாரும் பாராத நேரத்தில், தான் முதலில் பிடித்த பெரிய கட்டி ஒன்றை நடுவே செருகிவிட்டது.

'ஹோ'வென்று மலையில் இரைச்சல் கேட்டது. வெள்ளம் வந்துவிட்டது! வரிசை வரிசையாக ஏறியது. கடைசி வரிசைக்கு இன்னும் ஒரு சாண்தான். அப்போதுதான் பெரிய கட்டியின் ஓரத்தில் இருந்த இடைவெளியைச் செவ்வாலி பார்த்தது.

"ஐயோ! இதை எடுங்கள்!"

"இப்போதா? எடுத்தால் ஓட்டை விழுமே!" என்று பதறியது கரடி.

"விட்டாலும் ஓட்டைதான், அண்ணா! கீழே என் குட்டிகள்!"

கரடி இரண்டு கையாலும் கட்டியைப் பிடுங்கியது. முயல் ஓர் அச்சுக்கட்டியை நீட்டியது. குரங்கு இன்னொன்றை நீட்டியது. செவ்வாலி இரண்டையும் வைத்து அழுத்தியதும் கச்சிதமாகப் பொருந்தின. மறுகணமே தண்ணீர் வந்து அந்த வரிசையில் மோதியது. அப்பால் ஒரு சொட்டு வரவில்லை.

செவ்வாலி வளைக்கு ஓடியது. காய்ந்த புழுதியில் மூன்று குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

பெரிய கட்டியைச் சுமந்தபடி கரடி தலை குனிந்து வந்து நின்றது. "இதை எங்கே வைக்க?"

"உடைத்து அச்சில் போடுங்கள், அண்ணா."

நீதி: மலையாய்க் குவித்தது மலைக்க வைக்கும், அளவாய், ஒன்றுபோல் செய்ததே ஆபத்தில் காக்கும்.