பதிவாளர் பிடித்த கம்பு

மதில் தெருவில் செங்கமலம் என்றொரு குரு இருந்தார். அவருடைய சீடர்களில் ஒருவர் தணிகைவேலன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தின் பதிவாளர். குருவைவிட வயதில் மூத்தவர்.

ஒருநாள் காலை வாடிய முகத்தோடு வந்தார். பல்கலைக்கழகம் தன் விளையாட்டரங்கத்தைப் பெரிதாக்க நினைக்கிறது. தெருவின் சம்மதம் இல்லாமல் அனுமதி கிடைக்காது. அன்று மாலை கடைசிக் கூட்டம். முந்திய கூட்டங்களில் படம் போட்டுக் காட்டியாயிற்று, தூண்களின் உறுதியை விளக்கியாயிற்று. தெருக்காரர்கள் ஒன்றையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: வருஷத்தில் எத்தனை ராத்திரி அந்தப் பெரிய விளக்குகள் எரியும்? பந்தயத்துக்கு மட்டும்தானா, பாட்டுக் கச்சேரிக்குமா? பின்னால் முடிவு செய்வோம் என்று இவர் சொன்னதும் சிரித்துவிட்டார்களாம்.

"என்னை ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள், அம்மா?"

"நம் தெருவில் இருக்கிற குருவையாவின் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம். பந்தல் போட ஆள் போதவில்லை," என்றார் குரு. "போய் ஒரு கம்பைப் பிடியுங்கள்."

பதிவாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். தெருவை அடைத்துப் போடுகிற பந்தல். முதல் சவுக்குக் கம்பை நட்டதுமே, ஆட்டோ ஓட்டும் ஜெபராணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏண்ணே, என் ஆட்டோ என்ன, கம்பைத் தாண்டிக் குதிக்குமா?"

குருவையா சிரித்தபடி பிடுங்கச் சொன்னார். பதிவாளர் பிடுங்கினார். தள்ளி நட்டதும் எதிர்வீட்டு மைதீன், அங்கே தண்ணீர்க் குழாய் போகிறது என்றார். மறுபடி பிடுங்கினார். கைக்குழந்தை இருக்கும் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ஒலிபெருக்கியின் வாய் வேறு பக்கம் திரும்பியது. பதிவாளரின் உள்ளங்கை சிவந்துவிட்டது. ஆளாளுக்கு இப்படிச் சொன்னால் பந்தல் எப்போதுதான் நிற்கும் என்று முணுமுணுத்தார்.

"உங்க காலேஜ்ல கம்பு நட மட்டும்தான் சொல்லித் தருவாங்களா சார்? பிடுங்கச் சொல்லித் தரலியா?" என்றாள் ஜெபராணி.

தெருவே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒருவழியாகக் கம்புகள் நின்றன. ஆனால் ஆடின. குருவையா கம்பு நுனியில் கட்டிய கயிற்றை வீடுகளை நோக்கி எறிந்தார். ஜெபராணி அதை வாங்கித் தன் வீட்டு ஜன்னலில் கட்டினாள். இன்னொன்றை மைதீன் தன் வீட்டு ஜன்னலில் கட்டினார். வீட்டுக்கு வீடு முடிச்சு விழ, பந்தல் அசையாமல் நின்றது.

பதிவாளர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, மாலைக் கூட்டத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று குருவையாவிடம் கேட்டார். விடிகிற வரை காலியாகத்தானே கிடக்கப்போகிறது, வாங்க என்றார் அவர்.

அன்றைக்குப் படம் எதுவும் போடவில்லை.

"எத்தனை ராத்திரின்னு நீங்க சொல்லுங்க. அதுக்கப்புறம் அஸ்திவாரம் தோண்டலாம்," என்றார் பதிவாளர்.

தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பந்தயம் நடக்கட்டும், பிள்ளைகள் ஓடட்டும்; பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். கச்சேரி மட்டும் கூடவே கூடாது.

கச்சேரி என்றதும் பதிவாளர் தயங்கினார். அதைத் திட்டத்தில் சேர்த்ததே அவர்தான். எடுக்க அதிகாரம் இருந்தது, மனம்தான் இல்லை. சிவந்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"பிடுங்கிடுறேன்," என்றார்.

ஜெபராணிதான் முதலில் கை தட்டினாள்.

வாய் நிறையக் கல்யாண வீட்டு வெற்றிலையோடு அவர் குருவிடம் திரும்பி வந்தார்.

"சம்மதம் கிடைத்துவிட்டது, அம்மா. ஒன்றுதான் இன்னும் புரியவில்லை. போன கூட்டத்தில் எவ்வளவோ உறுதி சொன்னேன். எங்கள் அரங்கம் முழுக்கக் கான்கிரீட், எந்தத் துணையும் இல்லாமல் தானாகவே நிற்கும் என்றுகூடச் சொன்னேன். அப்போதுதான் அவர்கள் முகம் இன்னும் இறுகிப்போனது."

குரு சிரித்தார்.

"யார் வீட்டு ஜன்னலும் இல்லாமலா?"