காலண்டரைக் கிழித்த மாவுமில் சகோதரர்கள்

பொடியனூரில் மாவுமில் வைத்திருந்த மூன்று சகோதரர்களுக்கும் சேர்த்து மூளை ஒன்று இருந்தது. அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் தகராறு.

மூத்தவர் சன்னாசிக்கு மூட்டை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. வலி வந்தால் மில்லிலேயே சுருண்டு படுத்துவிடுவார், பாவம். ஆபரேஷனுக்கு ஆகுமே என்று மருத்துவக் காப்பீடு எடுத்தார்கள்.

"குடலிறக்கத்துக்கு ரெண்டு வருஷம் காத்திருப்புக் காலம்ணே. அது கழியாம கம்பெனி பைசா தராது," என்றாள் ஏஜென்ட் கலாராணி.

நடுவன் தவசி வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கிய காலண்டரை வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணே, வருஷம் எப்படிக் கழியுது?"

"தினமும் காலையில காலண்டர்ல ஒரு தாள் கிழிக்கிறேன். கழியுது."

"நீங்க ஒண்ணொண்ணா கிழிக்கிறதாலதான் இவ்வளவு லேட்டாகுது!"

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவனுக்கு இத்தனை அறிவா!

இரண்டு வருஷத்துக்குக் காலண்டர் வாங்கிவந்து கிழிக்க உட்கார்ந்தார்கள். கடைக்குட்டி பூச்சி தடுத்தான். "பொங்கல் வருதுண்ணே. பொங்கல் வைக்காம கிழிச்சா கணக்குல சேருமா?"

நியாயம்தானே? பொங்கல் வைத்தார்கள். மத்தியானம் தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து வெடி வெடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அழைக்க வந்தார்.

"ஆடியில நல்ல காரியமா?" என்று முகம் சுளித்தான் தவசி. "அஞ்சு நிமிஷம் உட்காருங்க, ஆவணி வந்துரும்."

மறுநாள் ஒரு கோணி நிறையத் தாள்களோடு கலாராணி முன்னால் போய் நின்றார்கள். "ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அப்படின்னா நடுவுல பாலிசியைப் புதுப்பிச்சிருக்கணுமே? காலாவதி ஆயிருக்கும். புதுசா எடுத்து முதல்லேருந்து காத்திருக்கணும். நோய் வர்றதுக்கு முன்னாடியே எடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்லண்ணே."

"கிழிச்சா முன்னால போகுதுன்னா, ஒட்டினா பின்னால போகணுமே!" என்றான் தவசி.

மில்லில் மாவுக்கா பஞ்சம்? ஓர் அண்டா பசை காய்ச்சினார்கள். பொட்டலம் மடிக்க ஆகுமென்று பழைய காலண்டர் தாள் எதையும் சன்னாசி எறிந்ததில்லை. அது இப்போது கைகொடுத்தது. கிழித்ததை எல்லாம் திரும்ப ஒட்டிக்கொண்டே போனார்கள்.

"தின்ன பொங்கலை என்ன பண்றதுண்ணே?" என்று கவலைப்பட்டான் பூச்சி.

குடலை இறக்கிய அந்தப் பாழாய்ப்போன மூட்டையைச் சன்னாசி தூக்கிய நாள் வந்தது. அதற்கு முந்தின நாளையும் ஒட்டி முடித்தார்கள். பூச்சி அண்ணனின் வயிற்றை மெல்லத் தொட்டான்.

"இப்ப வலிக்குதாண்ணே?"

"வலிக்கத்தான்டா செய்யுது."

தவசி தாளை விரலால் தடவிப் பார்த்தான்.

"பசை காயட்டும்ணே."