இயர் புக்கில் இல்லாத பஸ் ஸ்டாண்ட்

வடகரைப்புதூர் தினசரிக்கு மூன்று உதவி ஆசிரியர்கள். கோமதிநாயகம்தான் மூத்தவர்; மடமையிலும் அவருக்கே முதலிடம்.

ஒருநாள் அவர் ஒரு செய்தியில் வைகையைக் கொண்டுபோய்க் கர்நாடகத்தில் ஓடவிட்டார். முதலாளி பிச்சாண்டி அகராதி, அட்லஸ், இயர் புக் மூன்றையும் வாங்கிவந்து மேசைமேல் எறிந்தார்.

"எழுதும்போது புத்தகம் கையில இருக்கணும். அதுல பாக்காம ஒரு வரி எழுதப்படாது. நாளைக்கு ஒரு தப்பு வந்தாலும் மூணு பேரும் மூட்டையக் கட்டுங்க!"

 இந்த வேலை போனால் வேறெங்கும் தன்னைச் சேர்க்கமாட்டார்கள் என்பது மட்டும் கோமதிநாயகத்துக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். அகராதியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார்.

"பேனாவ எதுல பிடிப்பீய, அண்ணாச்சி?" என்றார் இரண்டாமவர் இசக்கியப்பன்.

"புத்தகம் எங்க இருக்கணும்னுதான் சொன்னாரு. பேனாவப் பத்திப் பேச்சே இல்லையே!"

பேனாவை வாயில் கவ்வி எழுதினார். முதல் பக்கம் எச்சிலில் ஊறியது.

அப்போது எதிரே பஸ் ஸ்டாண்டின் கூரை மடமடவென்று சரிந்தது. நல்லவேளை, கீழே ஆளில்லை. ஜன்னல் வழியே வந்த புழுதி அட்லஸ்மேல் படிந்தது. மூன்றாமவர் தாணுமூர்த்தி அதைத் துடைத்துவிட்டுத் தேடினார்.

"அண்ணாச்சி, அட்லஸ்ல பஸ் ஸ்டாண்டு இல்ல. ஊரே இல்ல. ஊரு இருக்கவேண்டிய இடத்துல ஒரு ஈ நசுங்கிக் கெடக்கு."

"இயர் புக்?"

"போன வருசம் இடிஞ்சதெல்லாம் இருக்கு. இது இல்ல."

"அப்ப இடியல."

"புழுதி வருதே?" என்று தும்மினார் இசக்கியப்பன்.

"அகராதில பாரும்."

"இருக்கு. நுண்ணிய மண்."

"அப்ப அதப் போடலாம்."

மறுநாள் தலைப்பு: 'புழுதி வந்தது.' மிச்சப் பக்கமெல்லாம் அகராதியின் 'பு' வரிசை.

பிச்சாண்டி பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தார். "ஊரே பஸ் ஸ்டாண்டுல கூடி நிக்கி! நீங்க புழுதிய எழுதிருக்கீய! வெளிய போங்கலே!"

கோமதிநாயகம் பணிவாக இயர் புக்கைப் புரட்டினார். "கோவிச்சுக்கிடாதீய மொதலாளி. உங்க பேரு இதுல இல்ல. இல்லாதவரு எப்படி எங்கள வெளிய அனுப்ப முடியும்?"

"கொண்டாலே இங்க!" பிச்சாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர் வரிசையில் விரலை ஓட்டினார். இல்லை. திரும்பவும் ஓட்டினார். முகம் வெளுத்தது.

"காசு குடுத்து வாங்கின புத்தகம். பொய் சொல்லாது" என்று முனகியபடி ஆபீஸ் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

வாசலில் வாட்ச்மேன் எழுந்து வணக்கம் வைத்தார். யாருக்கு என்று பிச்சாண்டி திரும்பிப் பார்த்தார்.