வடிவாம்பாளுக்கு ஒரு அண்ணன் வேணும்

சத்தியம்! சத்தியம்! நான் சொல்லப்போற ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம்! ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் இந்தத் தலையில மிச்சமிருக்கிற முடியெல்லாம் உதிர்ந்து போகட்டும். என்ன சிரிப்பு? மிச்சம் இருக்கு, இருக்கு, காதுக்குப் பின்னாடி தடவிப் பாரு. சரி, போர்வையை இழுத்து விட்டுக்கோ. நடுவுல நடுவுல "ம்" போடணும். போடலைன்னா கதை அங்கேயே படுத்துடும்.

ஒரு ஊர்ல ஒரு கொல்லை இருந்துச்சு. ராஜான்னு சொல்லுவேன்னு பார்த்தியா? ராஜாவெல்லாம் இல்லை, கொல்லைதான். வீடு என்னவோ தீப்பெட்டி. ஒருத்தர் உள்ளே போகணும்னா இன்னொருத்தர் வெளியே வரணும். ஆனா பின்கதவைத் திறந்தா, அடேயப்பா! ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல்லு, ஒரு மாமரம். அந்த மாமரம் எவ்வளவு பெரிசுன்னா, காலையில இந்தப் பக்கக் கிளையில உட்கார்ந்த காக்கா அந்தப் பக்கக் கிளைக்குப் போய்ச் சேர்றப்போ பொழுது சாஞ்சிருக்கும்.

"ம்."

அந்த வீட்டுல வடிவாம்பாள்னு ஒருத்தி. அவ வீட்டுக்காரர் தருமலிங்கம். அவங்களுக்கு பொம்மின்னு ஒரு பொண்ணு. பல்லு நாலுதான், ஆனா எதையும் விடாது, கடிச்சுப் பார்த்துடும். அந்த பொம்மிக்கு ஒரு வயசு முடியப்போகுது.

வடிவு அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து ஒரு விசேஷம்கூட அங்கே நடந்ததில்லை. எல்லாம் தருமலிங்கத்தோட அக்கா அஞ்சலாட்சி வீட்டுலதான். வளைகாப்பா? அக்கா வீடு. பேர் வைக்கிறதா? அக்கா வீடு. பொங்கல்கூட அக்கா வீட்டு அடுப்புலதான் பொங்கும். அஞ்சலாட்சி வீடு பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. அதனால வடிவு மனசுல ஒரே ஆசை, என் பொண்ணோட முதல் பொறந்தநாள் என் கொல்லையிலதான் நடக்கணும்.

"ஏங்க, கொல்லையில ஷாமியானா போட்டுடலாம். மாமரம் பூரா பலூன் கட்டிடலாம். காலையில மொட்டை, காதுகுத்து. மத்தியானம் சாப்பாடு. சாயங்காலம் கிணத்தைப் பலகை போட்டு மூடி, அது மேல கேக்கு வெச்சு வெட்டலாம்."

"நல்லாத்தான் இருக்கு. அக்காகிட்ட ஒரு வார்த்தை..."ன்னு இழுத்தார் தருமலிங்கம்.

இழுத்து முடிக்கலை, கிரீ...ச்! பின்கதவு திறந்துச்சு. அஞ்சலாட்சி! அவ கொல்லையை மேலேயும் கீழேயும் பார்த்தா. அவ பார்த்த பார்வையில மாமரம் ரெண்டு இலையை உதிர்த்துச்சு.

"எல்லாம் சரிடி. காது குத்தணும்னா தாய்மாமன் மடி வேணுமே. உனக்குத்தான் கூடப் பொறந்தவன் எவனுமே கிடையாதே. புள்ளையைத் துவைக்கிற கல்லுலயா உட்கார வெப்பே?"

தாய்மாமன்னா யாரு, தெரியுமா? அம்மாவோட அண்ணன், இல்லைன்னா தம்பி. குழந்தையை அவர் மடியில வெச்சுத்தான் காது குத்துவாங்க. அன்னைக்கு அவருக்குத்தான் மாலை, வேட்டி, துண்டு, ராஜ மரியாதை. வடிவு ஒத்தைப் பொண்ணு. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

"அண்ணன் முறையில ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன், அண்ணி."

"கூட்டிட்டு வா. மடி கிடைச்சா விசேஷம் இங்கே. கிடைக்கலையா, என் வீட்டுல. எங்க வீட்டுக்காரர் உனக்கு அண்ணன் முறைதானே? அவர் மடியில வெச்சுக் குத்திடலாம்."

"அப்போ அண்ணன் இங்கேயே வந்து உட்காரட்டுமே?"

"வர மாட்டார். நான் விட்டாத்தானே வர்றதுக்கு!"

"ம்."

அப்புறம் வடிவு மடி தேடக் கிளம்பிட்டா. முதல்ல சித்தப்பா மகன் அம்பலவாணன், மிட்டாய்க்கடைக்காரர். அவரை ஒத்திகை பார்க்கக் கொல்லைக்கு வரச் சொன்னா. முதல்ல தொப்பை வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரும் வந்து சேர்ந்தார். மணை போட்டு உட்கார வெச்சா, மடியைக் காணோம்! மடி இருக்க வேண்டிய இடம் பூரா தொப்பை. சரி, தொப்பை மேலயே உட்காரட்டும்னு பொம்மியை வெச்சா, சர்ர்ர்ருனு வழுக்கி, துணி ஊற வெச்ச அண்டாவுல தொபுக்கடீர்! பொம்மி அழுதுச்சான்னு கேளு.

"அழுதுச்சா?"

எங்கே அழுதுச்சு! கையைத் தட்டி, "ஆ! ஆ!"ன்னு மறுபடியும் ஏறப் பார்த்துச்சு. அப்போ வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துட்டிருந்த வாண்டுங்க எல்லாம் குதிச்சு வந்து வரிசையில நின்னுடுச்சுங்க. சர்ர்ர், தொபுக்! சர்ர்ர், தொபுக்! "நான் மாமனா, பூங்காவுல சறுக்குமரமா?"ன்னு அம்பலவாணன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார். பின்னாலேயே தொப்பையும் போச்சு.

அப்புறம் பெரியம்மா மகன் குஞ்சிதபாதம். ஒல்லின்னா ஒல்லி, துணி காயப்போடுற கொடிக்குப் பின்னாடி நின்னா கண்டுபிடிக்க முடியாது. மடி இருந்துச்சு. ஆனா மனுஷனுக்குக் கூச்சம்! பொம்மி உட்கார்ந்ததும் "கெக்கெக்கெக்கே!"ன்னு ஆரம்பிச்சார். பொம்மி காலை ஆட்டினா "கிக்கிக்கீ!" பொம்மி தும்மினா "ஹொஹொஹோ!" அவர் சிரிச்ச சிரிப்புல கிணத்துத் தண்ணி ததும்பி வெளியே வந்துச்சு. "வடிவு, எடுத்துடும்மா, செத்துடுவேன்!"ங்கிறார். காது குத்துறப்போ இந்த மடி இப்படி ஆடினா ஊசி மூக்குல இல்ல போய் நிக்கும்? போயிட்டு வாங்க அண்ணேன்னு அனுப்பிட்டா.

தூங்கிட்டியா?

"ம்... இல்லை."

மூணாவதா பெரியப்பா மகன் வீரபத்திரன். பட்டாளத்துக்காரர். மீசை ஒவ்வொண்ணும் ஒரு முழம். வந்தார், விறைப்பா உட்கார்ந்தார். பொம்மி மீசையைப் பிடிச்சு இழுத்துச்சு, அசையலை. விரலைக் கடிச்சுச்சு, அசையலை. மடின்னா இது மடி! வடிவுக்குச் சந்தோஷம் தாங்கலை. கொல்லையைப் பெருக்கினா, மெழுகினா, கோலம் போட்டா, மாமரத்துல ஏறி அவளே பலூன் கட்டினா. கேக்குக்குச் சொல்லியாச்சு, சமையக்காரருக்குச் சொல்லியாச்சு.

விடிஞ்சுது அந்த நாள். கொல்லை பூரா ஜனம். பொம்மிக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பளபளன்னு வீரபத்திரன் மடியில உட்கார வெச்சாங்க. அஞ்சலாட்சி முன் வரிசை நாற்காலியில முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அப்போ காது குத்துற ஆசாரி இடுப்புலேருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சு, தங்கக் கம்பியை எடுத்தார். வெயில் பட்டு நுனி மினுக்குனு ஒரு மினுக்கு மினுக்குச்சு.

வீரபத்திரன் அதைப் பார்த்தார். கண்ணு மேலே போச்சு. மீசை கீழே தொங்குச்சு. வடிவு பாய்ஞ்சு பொம்மியை லபக்குனு பிடிச்சா. அவர் டமார்! விழுந்த அதிர்வுல மாமரத்துப் பலூனெல்லாம் பட் பட் படார்! தண்ணி தெளிச்சு எழுப்பினாங்க. எழுந்தார், கம்பியைப் பார்த்தார், மறுபடியும் டமார்!

அஞ்சலாட்சி சேலையை உதறிக்கிட்டு எழுந்தா. "அப்பவே சொன்னேன், யாராவது கேட்டீங்களா? எல்லாரும் கிளம்புங்க. ராகுகாலம் வர்றதுக்குள்ள என் வீட்டுல வெச்சுக் குத்திடலாம். ஏய், அந்தச் சாம்பார் அண்டாவைத் தூக்குங்கடா!"

நாற்காலியெல்லாம் கரகரன்னு நகர ஆரம்பிச்சுது. சாம்பார் அண்டா கதவு வரைக்கும் போயிடுச்சு. வடிவு காலியாக் கிடந்த மணையைப் பார்த்தா. இன்னைக்கு விட்டா இந்தக் கொல்லையில இனிமே துணிதான் காயும், வேற எதுவும் நடக்காது. மணைக்கு முன்னாடி போய் நின்னு ஒரு கத்து கத்தினா.

"யாரும் அசையாதீங்க! என் அண்ணன் வந்துட்டிருக்கான்!"

"உனக்கு ஏது அண்ணன்?"ன்னார் தருமலிங்கம்.

"இருக்கான். புள்ளையைப் பிடிங்க."

விறுவிறுன்னு உள்ளே போனா. கதவு படார்! உள்ளே பெட்டி உருள்ற சத்தம் கடமுடா, கடமுடா. அப்புறம் கதவு மெதுவாத் திறந்துச்சு. யாரு வந்தான்னு நினைக்கிறே? தருமலிங்கத்தோட வேட்டி, தருமலிங்கத்தோட சட்டை, தலையில துண்டு முண்டாசு, மூக்குக்குக் கீழே பொம்மியோட கண்மையால வரைஞ்ச முறுக்கு மீசை! தொம் தொம்னு நடந்து வந்து, கட்டைக் குரல்ல, "தங்கச்சி வடிவு வீடு இதுதானுங்களே? நான் அவ அண்ணன் வடிவழகன். பஸ்ஸு லேட்டாயிடுச்சு"ன்னு சொல்லி மணையில ஜம்முனு உட்கார்ந்துட்டா.

சாம்பார் அண்டாவைத் தூக்கினவங்க அதைக் கீழே வெச்சுட்டு எட்டிப் பார்த்தாங்க. பொம்மி மட்டும் மீசையைப் பார்த்துக் கிளுக்குனு சிரிச்சு, தாவி அந்த மடியில விழுந்துச்சு. ஆசாரி, "எனக்கு ஒரு மடி, ரெண்டு காது, அவ்வளவுதான் வேணும்"னு உட்கார்ந்தார்.

"நிறுத்துங்க!"ன்னு கத்தினா அஞ்சலாட்சி. "இது என்ன கூத்து? இவ என் தம்பி பொண்டாட்டி! இவ எப்படித் தாய்மாமன் ஆவா?"

வடிவழகன் நிதானமாத் திரும்பினார். மேலேயும் கீழேயும் பார்த்தார். மீசையை முறுக்கினார்.

"யாருங்க இது, மச்சானோட அக்காவா? அப்போ நமக்குக் கட்டிக்கிற முறையாச்சே! ஆளு சும்மா அரசாணிப் பூசணிக்காய் மாதிரி இல்ல இருக்கு! சாயங்காலப் பஸ்ஸுல உங்களுக்கும் ஒரு சீட்டுப் பிடிச்சுடட்டுமா?"

கொல்லை கொல்லுனு சிரிச்சுது. கடைசி வரிசையிலேருந்து அஞ்சலாட்சியோட வீட்டுக்காரர் எழுந்து, "கூட்டிட்டுப் போயிடு தம்பி! உனக்குப் புண்ணியமாப் போகும்!"னார். அவர் அப்படி வாய் திறந்து அதுவரைக்கும் யாருமே பார்த்ததில்லை. மயங்கிக் கிடந்த வீரபத்திரன்கூடச் சிரிச்சுட்டு மறுபடி மயங்கினார்.

அஞ்சலாட்சிக்கு முகம் செவசெவன்னு ஆயிடுச்சு. வெக்கம்! சேலை முந்தானையால வாயை மூடிக்கிட்டு, தன்னை அறியாமச் சொல்லிட்டா:

"அய்ய... போங்க மச்சான்!"

சொன்னது யாரு? அஞ்சலாட்சி! சொன்னது என்ன? மச்சான்! முறை வெச்சுக் கூப்பிட்டாச்சு, இனிமே இல்லைன்னு எப்படிச் சொல்லுவா? ஆசாரி விடுவாரா? படக்! ஒரு காது. படக்! இன்னொரு காது. "ங்ஙா"ன்னு பொம்மி ஒரே ஒரு தடவை அழுதுச்சு. அப்புறம் மாமனோட கட்டைவிரலைக் கடிச்சுக்கிட்டுச் சமாதானம் ஆயிடுச்சு.

அப்போ அஞ்சலாட்சி என்ன பண்ணினா தெரியுமா? சிரிப்பை அடக்க முடியாம அவளே தட்டை எடுத்துட்டு வந்து, வடிவழகன் கழுத்துல மாலையைப் போட்டு, வேட்டி துண்டையும் குடுத்தா. "சாம்பாரை உள்ளே கொண்டு வாங்கடா, விசேஷம் இங்கேதான்!"னா. பந்தியில வடிவாம்பாளுக்கு ஒரு இலை, வடிவழகனுக்கு ஒரு இலை. ரெண்டு இலையையும் ஒருத்தியே வழிச்சுச் சாப்பிட்டா. சாப்பிட மாட்டாளா பின்னே, ரெண்டு பேரு வேலை பார்த்திருக்காளே!

அவ்வளவுதான், கொல்லைக் கதவைச் சாத்தியாச்சு, நீயும் கண்ணைச் சாத்து. இந்தக் கதையை யார்கிட்ட வேணா சொல்லு. சொன்னது யாருன்னு மட்டும் மூச்சு விடாதே. அஞ்சலாட்சி பக்கத்து ரூம்லதான் குறட்டை விட்டுட்டிருக்கா. அவ காதுல விழுந்துச்சு, நாளைக்கு எனக்குக் காப்பி கிடையாது.

"..."

"ம்" சொல்லக் காணோம். நல்லது. தூங்கு, தூங்கு.