துண்டு மூடிய கூடை

குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்திரண்டு. சீடர் சென்னியப்பன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வேலைதான் ஓய்ந்தது, கேள்வி ஓயவில்லை.

மடத்துக்குக் காய்கறி வாங்கச் செவ்வாய்ச் சந்தைக்குப் போவது அவர் பொறுப்பு. தை மாதத்தில் சந்தைக்குள் கால் வைக்க இடமிருக்காது. பங்குனியில் விற்பவர்களில் பாதிப் பேரைக் காணோம். சித்திரையில் கிணற்றில் தண்ணீர் இருந்தவர்கள் மட்டும் வந்தார்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். ஒன்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அதைக் குருவம்மாவிடம் கேட்டார்.

"அம்மா, அவரைக்காய் விற்கும் பாவாத்தாள் ஐந்து வாரமாகக் காலிக் கூடையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். ஏன்?"

"அவரிடமே கேட்டீர்களா?"

"கேட்டேன். மூன்று சந்தைக்கு ஆள் வராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். சரி, காலையில் தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதுமே. பொழுது சாயும்வரை எதற்கு வெயிலில் உட்கார வேண்டும்?"

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பை கட்டியாயிற்றா?" என்று கேட்டார்.

சென்னியப்பன் அடுத்த புதன்கிழமை மடத்தை விட்டு மகன் வீட்டுக்கே போய்விடுவதாக இருந்தார்.

"கட்டிவிட்டேன் அம்மா. வந்த வேலை முடிந்தது."

எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். உண்மை வேறு. தியானத்தில் முதல் நான்கு மாதம் மனம் குவிந்தது. அப்புறம் வறண்டது. கண்ணை மூடினால் முழங்கால் வலிதான் தெரிந்தது. இரண்டு வாரமாகக் காலை அமர்வுக்கே அவர் வருவதில்லை. ஆசைப்பட்டு வந்த இடத்தை விட்டுப் போவது அவருக்கு வலித்தது. அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

"நடுவில் ஒரு செவ்வாய் இருக்கிறதே," என்றார் குரு. "ஒரு காலிக் கூடையை எடுத்துக்கொண்டு போய் பாவாத்தாள் பக்கத்தில் உட்காருங்கள்."

போய் உட்கார்ந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கூடையை மூடினார். அதுதான் வினையாகப் போயிற்று. மூடி வைத்திருக்கிறாரே, ஏதோ நல்ல சரக்கு என்று போகிறவர் வருகிறவரெல்லாம் துண்டைத் தூக்கிப் பார்த்தார்கள்.

பழைய மாணவன் ஒருவன் வந்து நின்றான். "சார், என்னங்க சார் விக்கறீங்க?"

"எல்லாம் தீந்துபோச்சுப்பா."

பொய் சொன்ன பையன்களை முப்பது வருஷம் முட்டி போட வைத்தவர் அவர். மாணவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பாவாத்தாளின் கூடை திறந்தே இருந்தது. அவர் முன்னாலும் ஒரு பெண் வந்து நின்றாள்.

"அவரைக்கா இல்லீங்களாக்கா?"

"இன்னும் வரலை கண்ணு. கெணத்துல தண்ணியில்ல. ஆடியில வெதச்சா கார்த்திகையில காய்க்கும். கொத்தவரங்கா வேணும்னா அந்தக் கடைசிக் கடையில நல்லாருக்குது, வாங்கிக்கோ."

"சரிங்க்கா, கார்த்திகையில வர்றேன். மறக்காம எனக்கு எடுத்து வைங்க."

அவள் போனதும் பாவாத்தாள் இவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க வாத்தியாரே, தீந்துபோச்சுன்னு எதுக்குச் சொன்னீங்க? அப்படிச் சொன்னா பேச்சு அங்கயே முடிஞ்சு போயிருங்க. இன்னும் வரலைன்னு சொல்லிப் பாருங்க, எப்ப வரும்னு கேப்பாங்க."

"அதுக்காகவா நாள் பூரா உக்காந்திருக்கீங்க?"

"கேக்கறவங்க எந்நேரத்துக்கு வருவாங்கன்னு நமக்குத் தெரியாதுங்களே."

சாயங்காலம் மடத்துக்குத் திரும்பினார். நடந்ததை ஒன்று விடாமல் குருவிடம் சொன்னார். மாணவனிடம் பொய் சொன்னதையும் சொன்னார்.

குரு சிரிக்கவில்லை. "நாளைக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஒன்பதரைக்கு அம்மா."

"காலை அமர்வு ஐந்து மணிக்கு," என்றார் குரு. "இந்தத் தடவை துண்டு போட்டு மூடாமல் உட்காருங்கள்."