வலது பாதிக்குக் காலை வேலை

அறிவு எல்லாருக்கும் ஏதோ ஓர் அளவில் வழங்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறவர்கள், ஒரு முறை நெட்டூரணிக்குப் போய்விட்டு வந்து அதைச் சொல்லட்டும். அந்த ஊரில் தளவாய், கொம்பையா, மூக்காண்டி என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மூளை இருந்திருந்தால், அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று தேடியே ஆயுளைக் கழித்திருப்பார்கள். அந்தத் தொந்தரவும் இல்லாததால் நிம்மதியாக இருந்தார்கள்.

மூவரில் தளவாய்க்கு மட்டும் ஒரு கவலை உண்டு. கல்யாணமான நாள் முதல் அவன் பதினோரு வேலைகளை இழந்திருந்தான். அவன் மனைவி பேராச்சி விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தாள். பத்து விரலும் தீர்ந்து ஒரு கால் விரலையும் தொட்டாகிவிட்டது. பன்னிரண்டாவதாக அவனுக்குக் கிடைத்தது இரண்டு அரை நாள் வேலைகள். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரிசி மில்லில். பகல் இரண்டிலிருந்து ஆறு வரை கனியம்மாளின் கயிற்றுப் பட்டறையில். கொம்பையாவும் மூக்காண்டியும் கூடவே சேர்ந்துகொண்டார்கள்.

மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காய வைப்பார்கள். சீராகக் காய வேண்டுமென்றால் இரண்டு காலையும் தரையோடு இழுத்து, நெல்லுக்குள் உழுத மாதிரிச் சால் போட்டபடி வரிசையாக நடக்க வேண்டும். மூளை தேவைப்படாத வேலை. அதனால்தான் இவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மூவரும் காலையில் களத்தில் குதிரை மாதிரி ஓடுவார்கள். பகல் இரண்டு மணிக்குப் பட்டறையில் தேங்காய் நாரைக் கண்டதும் அதன் மேல் விழுந்து உறங்கிவிடுவார்கள்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த கனியம்மாள் வியாழக்கிழமை வாய் திறந்தாள். "ஏ தளவாயி, இது பட்டறையா, பிரசவ ஆஸ்பத்திரியா? மூணு பேரும் வரிசையாப் படுத்துக் கிடக்கீங்க. நாளைக்கும் தூங்குறதைப் பாத்தேன், அப்படியே போயிடணும். சொல்லிட்டேன்."

பேராச்சிக்கு இந்தச் செய்தி தளவாய் வீடு வந்து சேர்வதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. "இந்த வேலையும் போச்சுன்னா அன்னைக்கு நாலரை மணி பஸ்ஸுல எங்க அண்ணன் ஊருக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க ரெண்டு அறிவாளிகளாச்சு" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது தட்டோடு எழுந்துவிட்டான்.

உடனே அவன் மில் மேஸ்திரி சிதம்பரவேலிடம் ஓடினான். மேஸ்திரி நல்ல மனிதர். யாரிடம் என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமல் நல்லதைச் சொல்லிவிடுவது மட்டுமே அவரிடம் இருந்த குறை.

"லேய், இருக்கிற தெம்பையெல்லாம் காலையிலயே கொட்டித் தீத்தா மத்தியானம் தூக்கம் வராம என்ன வரும்? பாதியக் காலைக்கு எடு, பாதிய மத்தியானத்துக்கு வை. ஒரு வேலை முடிஞ்சதும் அடுத்த வேலைக்கு விழுந்தடிச்சு ஓடாத. நடுவுல கொஞ்ச நேரம் உக்காரு. முக்கியமா, மில்லு நினைப்ப மில்லுலயே விட்டுட்டுப் போ."

இந்த மூன்று யோசனைகளையும் தளவாய் தவறில்லாமல் கொண்டுபோய் நண்பர்களிடம் சேர்த்தான். அவன் வாழ்நாளில் தவறில்லாமல் செய்த கடைசிக் காரியம் அதுதான்.

பெட்டிக்கடை பெஞ்சில் விவாதம் தொடங்கியது.

"பாதின்னா எந்தப் பாதி?" என்றான் கொம்பையா.

"மேல் பாதி காலைக்கு, கீழ்ப் பாதி மத்தியானத்துக்கு" என்றான் மூக்காண்டி.

"அப்போ காலையில மில்லுக்கு யாரு நடந்து போவா? உங்க அப்பனா?"

நியாயமான கேள்வி. மூக்காண்டியின் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்ததால் அந்த வழி அடைபட்டது.

தளவாய் தன் உடம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "லேய், வலது பாதியக் காலைக்கு எடுப்போம். இடது பாதிய மத்தியானத்துக்கு வைப்போம். ரெண்டுலயும் ஒரு கை, ஒரு கால், ஒரு கண்ணு, ஒரு காது இருக்கு. கடவுளே அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்காரு. நமக்குத்தான் இத்தனை நாள் தெரியாமப் போச்சு."

மற்ற இருவரும் அசந்துபோனார்கள். கொம்பையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "தலைய என்ன செய்ய? அது நடுவுல இருக்கே."

"அதை நாம எந்த வேலைக்கும் எடுத்ததில்ல. அது அப்படியே புதுசா இருக்கட்டும்" என்றான் தளவாய்.

அடுத்தது, நடுவில் உட்காருவது. நடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எங்கேயோ உட்கார்ந்து தொலைத்தால் பலன் கிடைக்காது அல்லவா? பட்டறையில் ஒரு வியாபாரிக்காகத் திரித்துச் சுருட்டி வைத்திருந்த கிணற்றுக் கயிறுகளை எடுத்து ஒன்றோடொன்று முடிந்தார்கள். மில் வாசலில் ஒரு முனையைக் கட்டி, பட்டறை வரைக்கும் நேர்கோட்டில் இழுத்தார்கள். கோடு என்றால் கோடு. வழியில் போஸ்ட்மேன் வீடு குறுக்கே வந்தது. முன்வாசலில் நுழைந்து, அவர் குடித்துக்கொண்டிருந்த காப்பிக்கு மேலாகக் கயிற்றைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் வெளியே வந்தார்கள். ஊருணி குறுக்கே வந்தது. கொம்பையா கயிற்று நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரைக் கடந்தான்.

அளந்த கயிற்றின் நடுவைக் கண்டுபிடிக்க அதை இரண்டாக மடித்தால் போதும் என்பது எந்த மடையனுக்கும் தோன்றும். இவர்களுக்குத் தோன்றவில்லை. அரிவாளால் வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளைத் தராசில் நிறுத்தி, சமம் என்று உறுதி செய்துகொண்டார்கள். பிறகு ஒரு துண்டை மில்லிலிருந்து மறுபடி இழுத்துப் பார்த்தபோது அதன் முனை ஊருணியின் நட்ட நடுவில் போய் மிதந்தது.

"நல்ல இடம்" என்றான் மூக்காண்டி. "ஒருத்தனும் வந்து எந்திரின்னு சொல்ல மாட்டான்."

வெள்ளிக்கிழமை காலை மூவரும் இடது கண்ணைத் துணியால் கட்டி, இடது காதில் பஞ்சு அடைத்து, இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தார்கள். மேஸ்திரி டவுனுக்குப் போயிருந்த நாள். வலது காலால் மட்டும் நொண்டி நொண்டி நெல்லைத் துழாவினார்கள். சால் விழ வேண்டிய இடத்தில் குழி விழுந்தது. ஆறு மணி நேரத்தில் களம் முழுக்க அம்மைத் தழும்பு போட்ட மாதிரி ஆயிற்று. குழியில் இருந்தது காய்ந்தது, குவியலில் இருந்தது புழுங்கியது. மூவருக்கும் மிகுந்த திருப்தி.

பன்னிரண்டு மணிக்குப் பேராச்சி தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்தாள். புருஷனைப் பார்த்துத் தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"கண்ணுல என்ன?"

"ஒண்ணுமில்ல. அது மத்தியானக் கண்ணு."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அனுபவசாலி. தளவாய் இடது பக்கம் சாய்ந்து, தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்தான். பாதிக் கஞ்சி காதுக்குப் போனது. பஞ்சு இருந்ததால் உள்ளே போகவில்லை.

"எந்திரிச்சு உக்காந்து குடிச்சா என்ன?"

"இனிமே வேலை பாக்கப் போறது இடது பக்கம். சோறு அங்கல்லா போணும்? நிமிந்து குடிச்சா வலது பக்கம் போயி வீணாயிரும்."

"உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு நான் எந்தப் பக்கம் சாஞ்சு இருந்தேன்னுதான் தெரியல" என்று சொல்லிவிட்டுப் பேராச்சி காலி வாளியோடு போனாள்.

மில் நினைப்பை மில்லிலேயே விட வேண்டும். மூவரும் வாசலில் குனிந்து பின்மண்டையில் தட்டினார்கள். தளவாய்க்கும் கொம்பையாவுக்கும் நினைப்பு விழுந்துவிட்டதாக ஒரு நிறைவு ஏற்பட்டது. மூக்காண்டி மட்டும் நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணுமே விழலையே."

"உள்ள இருந்தாத்தானல விழும்? வா."

வலது காலால் நொண்டிக்கொண்டே ஊருணியில் இறங்கினார்கள். நடுவில் நின்றால் மார்பளவு தண்ணீர். மேஸ்திரி உட்காரத்தான் சொல்லியிருந்தார். உட்கார்ந்தார்கள். மூச்சு விடுவதற்கு மட்டும் அவ்வப்போது எழுந்துகொண்டார்கள். துணி துவைக்க வந்த பெண்கள் மூன்று தலைகள் முங்கி முங்கி எழுவதைப் பார்த்துவிட்டுத் துவைக்காமலே வீட்டுக்குப் போனார்கள். அரை மணி ஆனதும், தண்ணீருக்குள்ளேயே கட்டை அவிழ்த்து வலது பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டு, இடது காலால் நொண்டிக் கரையேறினார்கள்.

இரண்டு மணிக்குப் பட்டறை. கனியம்மாள் வாசலில் கை கட்டி நின்றாள். சொட்டச் சொட்ட வந்த மூவரையும் பார்த்தாள். கயிறு முறுக்கும் ராட்டைக் காட்டினாள்.

தளவாய் ராட்டில் உட்கார்ந்தான். வாழ்நாளெல்லாம் வலது கையால் சுற்றியவன் இடது கையால் சுற்றினால் ராட்டு எந்தப் பக்கம் சுற்றும்? எதிர்ப்பக்கம் சுற்றியது. காலையில் பெண்கள் முறுக்கி, ராட்டில் மாட்டி வைத்துவிட்டுப் போயிருந்த கயிறு அத்தனையும் வரிசையாக முறுக்குப் பிரிந்து மறுபடியும் நாராயிற்று. நார் கொடுத்துக் கயிறு திரிக்க வேண்டிய கொம்பையாவும் மூக்காண்டியும் ஒரு கையால் அதைப் பக்குவமாக அள்ளிக் குவித்தார்கள். வேலை இவ்வளவு வேகமாக நடந்ததைத் தளவாய் பார்த்ததேயில்லை. அவன் நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்றைக்குப் பேராச்சி பஸ் ஏற மாட்டாள்.

"அக்கா, பாத்தீகளா?" என்றான். "ஒருத்தன்கூடத் தூங்கல!"

கனியம்மாள் நாரைப் பார்த்தாள். மூவரும் முந்தின இரவே கொண்டுவந்து மூலையில் போட்டிருந்த கிணற்றுக் கயிற்றுத் துண்டுகளைப் பார்த்தாள். கடைசியாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தக் கண்ணை ஏன்ல மூடிக் கட்டியிருக்க?"

"அது வலது பாதி அக்கா. காலையில வேலை பாத்துச்சுல்ல, அசந்து தூங்குது. இடதுதான் இப்போ முழிச்சு வேலை பாக்கு."

"அப்போ நீ தூங்குறேன்னு நீயே ஒத்துக்கிடுத."

தளவாய் பொய் சொல்லிப் பழகாதவன். "பாதி" என்றான்.

"எந்திரிச்சுப் போ. மூணு பேரும். இந்தப் பட்டறைப் பக்கம் உங்க நிழல் விழுந்துச்சுன்னா, முறுக்கத் தெரியாட்டாலும் கயிறு வேற எதுக்கெல்லாம் ஆகும்னு காட்டிப்புடுவேன்."

தெருவில் நின்று மூவரும் நடந்ததை ஆராய்ந்தார்கள். கொம்பையாதான் முதலில் தொடங்கினான். "தளவாயி, வேலை போச்சேல."

"அவசரப்படாத. அக்கா யாரை வேலைய விட்டு நிப்பாட்டுனா?"

"நம்மளை."

"நம்ம இடது பாதிய. பட்டறையில வேலை பாத்தது அதுதான. வலது பாதிக்கு மில்லு வேலை அப்படியே இருக்கு. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அது போகணும்."

இதையே அவன் வீட்டில் போய்ப் பேராச்சியிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே சேலைகளை மடித்துப் பையில் வைத்தாள். அவன் சொல்லி முடித்தபோது பையும் நிறைந்திருந்தது.

நாலரை மணி பஸ்ஸில் பேராச்சி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தளவாய் பஸ்ஸைச் சுற்றி நொண்டிக்கொண்டே வந்தான். அவள் போகிறாள். அவனும் கூடப் போய்விட்டால் அவள் பிரிந்து போனதாக ஆகாது. ஆனால் கூடப் போனால் காலையில் மில்? இந்த இக்கட்டில் அவன் கண்டுபிடித்த வழியை வேறு எவனும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"லேய், இடது பாதிக்கு இனி இங்க சோலி இல்ல. அது பேராச்சியோட போகட்டும். வலது பாதிய நீங்க பத்திரமாப் பிடிச்சுக்கிடுங்க. காலையில மில்லுல கொண்டுபோய் விட்டுருங்க."

இடது காலைப் படியில் வைத்து, இடது கையால் கம்பியைப் பிடித்தான். கொம்பையா கட்டை அவிழ்த்து அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டான். மூக்காண்டி வலது காலைப் பிடித்துக்கொண்டான்.

கண்டக்டர் வந்தார். "யோவ், உள்ள வாரும். டிக்கெட்."

"ஒரு அரை டிக்கெட் குடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். பாதிதான் வருது."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். சில கோரிக்கைகளுக்கு அதுதான் பதில். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது. "விட்டுறாதீங்கல!" என்று தளவாய் கத்தினான். அவர்கள் விடவில்லை. நெட்டூரணியில் யாரும் யாருக்கும் இப்படி உண்மையாக இருந்ததில்லை. பஸ்ஸோடு பத்தடி ஓடினார்கள். பர்ரென்று ஒரு சத்தம். தளவாய் முழுசாக உள்ளே போய்ப் பேராச்சியின் காலடியில் விழுந்தான்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள் அவள்.

"நான் எங்க வந்தேன்? வேலை போனவன் மேலதான நீ கோவிச்சுக்கிட்டுப் போற? அவன்தான் இது. வேலைக்குப் போறவன் ஊருலயே இருக்கான்."

பேராச்சி சுருக்குப் பையை அவிழ்த்தாள். "கண்டக்டர், ரெண்டு முழு டிக்கெட் குடுங்க. ஆளு எப்படியோ, கிறுக்கு முழுசா இருக்கு."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மில் வாசலில் மேஸ்திரி சிதம்பரவேல் பேர் கூப்பிட்டார். முந்தின நாள் களத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றதால் அவர் குரல் சரியில்லை.

"தளவாய்!"

கொம்பையா ஒரு சட்டையின் வலது கையை உயர்த்திக் காட்டினான். தோளோடு கிழிந்து வந்திருந்தது. மூக்காண்டி ஒரு வலது காலின் செருப்பை உயர்த்திக் காட்டினான்.

"என்னல இது?"

"தளவாயோட வலது பாதி அண்ணாச்சி. இடது பாதி மச்சினன் ஊருக்குப் போயிருக்கு. இதை உங்ககிட்ட ஒப்படைக்கச் சொன்னான்."

மேஸ்திரி சட்டைக்கையை வாங்கிப் பார்த்தார். கொண்டுபோய்க் களத்தின் ஓரத்தில் நெல்லின் மேல் விரித்து வைத்தார். தள்ளி நின்று கவனித்தார். அது குழி பறிக்கவில்லை. நொண்டவில்லை. பேசவில்லை.

"சரி" என்றார். "நாளையிலிருந்து நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம். இது மட்டும் வரட்டும்."

கொம்பையா சட்டைக்கையைப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டான்:

"அதுக்குத் தனியா வழி தெரியாதே அண்ணாச்சி?"