நாலு மணி பஸ்ஸும் கைக்கணினியும்

குறுக்குப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஊருக்கு ஒரே பஸ், மாலை நாலு மணிக்கு. அதை நிறுத்தப்போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் தெரிவிக்கலாம் என்றும் போக்குவரத்துக் கழகத்திலிருந்து கடுதாசி வந்தது. முருங்கைக்காய்க் கூடையோடு அந்த பஸ்ஸில் டவுன் சந்தைக்குப் போனால்தான் பேச்சியம்மாள் வீட்டில் உலை கொதிக்கும்.

பயணிகள் சங்கத் தலைவர் மாசானம் டவுனுக்குப் போய் ஒரு கைக்கணினி வாங்கிவந்தார். உள்ளங்கை அகலம்தான், குச்சியால் தொட்டு எழுதவேண்டும். செல்போனுக்கு எதிரே வைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஒளியாலேயே அதை டயல் பண்ணவைத்து இன்டர்நெட்டுக்குள் போய்விடும். கடைக்காரர் செய்முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கடவுச்சொல்லை மட்டும் காதோடு சொல்லியனுப்பினார்.

'சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைக்கவும்' என்றது தாள். வெள்ளிக்கிழமை ஊர் முழுக்கச் சுற்றியதில், சிக்னல் நடுரோட்டில்தான் நன்றாகக் கிடைத்தது. ரோட்டில் இரண்டு ஸ்டூலைப் போட்டு, ஒன்றில் செல்போனையும் மற்றதில் கைக்கணினியையும் வைத்தார்கள்.

'இரண்டுக்கும் ஒரு சாண் இடைவெளி.'

"யாரு சாண்?" என்றார் செயலாளர் சுடலை.

"தலைவர் நான் இருக்கேன்லா?"

"எழுதினது கடைக்காரரு. அவரு கை எம்புட்டுப் பெரிசுன்னு பாத்தீரா?"

"அண்ணாச்சி, மணி மூணாச்சு!" என்று கத்தினாள் பேச்சியம்மாள். கடைசியில் தலைவர் சாணே நிறைவேறியது.

'நடுவே எதுவும் குறுக்கிடக் கூடாது.' சுடலை விசிறியோடு நின்று ஈ விரட்டினார்.

கருவி கடவுச்சொல் கேட்டது. மாசானம் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லும் வே, கேக்குதுல்லா?"

"யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு. இது நேத்து வந்தது. எப்படி நம்புறது?"

"நாம காசு குடுத்து வாங்கினதுதானே?"

"உம்ம மாட்டையும் காசு குடுத்துத்தான் வாங்கினீரு. உதைக்கலையா?"

சுடலை முழங்காலைத் தடவிக்கொண்டார். நியாயமாகத்தான் பட்டது.

"அதுக்குத் தெரியாம எழுதிப்போடுங்க அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள்.

மாசானம் கருவிமேல் துண்டைப் போர்த்தி, உள்ளே கையை விட்டு எழுதினார். துண்டின் முனை நடுவே தொங்கியது. இணைப்பு அறுந்தது. ஒன்பது தடவை எழுதினார். ஒன்பது தடவையும் அறுந்தது.

பத்தாவது தடவை ஆடிக்காற்று துண்டைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"பாத்துடுச்சே!" என்று மாசானம் அலறினார். அதற்குள் இணைப்பு கிடைத்துவிட்டது.

சுடலை குச்சியை எடுத்து 'மதிப்பிற்குரிய ஐயா' வரை வந்திருப்பார். ஹாரன் சத்தம் கேட்டது. நாலு மணி பஸ்.

முதலில் ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தவள் பேச்சியம்மாள்தான். தலையில் கூடை.

"ஸ்டூலை ஓரமா வையுங்கய்யா!" என்றார் டிரைவர்.

"ஓரத்துல சிக்னல் இல்ல" என்றார் சுடலை.

"அப்படி என்னதான் பண்ணுதீங்க?"

"எங்க ஊருக்கு பஸ் வேணும்னு மனு எழுதுதோம்."

"இந்தா பஸ் நிக்குதேய்யா!"

"மனு போகாம பஸ் எப்படி வே வரும்?" என்றார் மாசானம்.

டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒருவழியாக மனு போய், ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிலும் வந்தது. 'உங்கள் ஊருக்கு பஸ் தொடரும். என்றைக்காவது வராவிட்டால், வராத அந்த நேரத்திலேயே மின்னஞ்சலில் தெரிவிக்கவும்.'

பேச்சியம்மாள் எல்லாருக்கும் ஆளுக்கொரு முருங்கைக்காய் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் சுடலைக்கு ஒரு விஷயம் உறைத்தது. "தலைவரே, நேத்து பஸ் ஊருக்குள்ள வரவேயில்லையே?"

"ஆமா வே! உடனே தெரிவிக்கணும்."

"உடனே இல்ல. வராத நேரத்துல. நாலு மணிக்கு."

அன்றிலிருந்து தினமும் நாலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் நடுரோட்டுக்கு ஸ்டூல்கள் வந்துவிடும். நாலு மணிக்கு டாணென்று பஸ்ஸும் வந்து ஹாரன் அடிக்கும். கூடையை இறக்காமலே பேச்சியம்மாள் கையை விரித்து நிற்பாள்.

"கொஞ்சம் திருப்பிக்கிட்டுப் போங்க அண்ணாச்சி. பஸ் வரலைன்னு எழுதிக்கிட்டு இருக்கோம்!"